ஒரே ரத்தம், நான்கு குழாய்

டெலானிபூர் அந்தமான் தலைநகரின் ஒரு பகுதி. அந்தத் தலைநகருக்கு முன்பு போர்ட் பிளேயர் என்று பெயர். 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். இந்த ஊரில் தமிழர் உண்டு, வங்காளிகள் உண்டு, தெலுங்கர் உண்டு, மலையாளிகளும் உண்டு. மழைக்காலம் வந்தால் எல்லார் வீட்டுக்கும் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் விடாவிட்டால் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தருகிறார்.

லேபில் கையை நீட்டுகிறோம். ஊசி குத்துகிறார்கள். குத்துவது ஒருமுறைதான். ஆனால் ரத்தம் நான்கு சிறிய குழாய்களுக்குள் போகிறது. ஒன்றின் மூடி ஊதா நிறம். ஒன்று சாம்பல். ஒன்று நீலம். ஒன்று சிவப்பு அல்லது மஞ்சள்.

"தம்பி, ஒரே ரத்தம்தானே? எதுக்கு நாலு குழாய்?" என்று பலர் கேட்பதுண்டு.

"ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு மருந்து இருக்கும்மா. ஒண்ணுல எடுத்ததை இன்னொண்ணுக்குப் பயன்படுத்த முடியாது" என்று லேப் ஊழியர் சொல்லுவார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும். அதற்கு மேல் விளக்க நேரம் இருக்காது.

கேள்வி நல்ல கேள்வி. குழாய் மாறினால் ரிப்போர்ட் மாறும். ரிப்போர்ட் மாறினால் மருந்து மாறும். சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும்.

ரத்தம் ஏன் உறைகிறது?

ஆடு அறுக்கும்போது ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடிப்பார்கள். சில நிமிடங்களில் அது கட்டியாகிவிடும். கத்தியால் துண்டு போடலாம். பிறகுதான் பொரியல் செய்வார்கள். மனித ரத்தமும் அப்படித்தான். உடம்பை விட்டு வெளியே வந்தால் உறையும். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் தானாக நிற்பது இதனால்தான்.

உறைவதற்குப் பல பொருள்கள் சேர வேண்டும். ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. இவற்றைத்தான் பிளேட்லெட் என்கிறார்கள். உறைய வைக்கும் புரதங்கள் இருக்கின்றன. கூடவே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதுதான் கால்சியம். இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்து, கடைசியில் மெல்லிய நார்களை உண்டாக்குகின்றன. அந்த நார்வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக்கொள்கின்றன. அதுவே கட்டி.

சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சங்கிலியில் ஒரு கண்ணி போய்விடும். ரத்தம் உறையாது. பிரான்சு நாட்டில் ஆர்த்தஸ், பாஜெஸ் என்ற இருவர் 1890-இல் இதைக் காட்டினார்கள். ஆக்சலேட் என்ற உப்பை ரத்தத்தில் போட்டார்கள். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் நீராகவே நின்றது.

அதன் பலன் பெரிது. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் பெல்ஜியத்தில் ஹஸ்டின், அர்ஜென்டினாவில் அகோத்தே, அமெரிக்காவில் லூயிசோன் ஆகியோர் சிட்ரேட் என்ற உப்பைக் கலந்து ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினார்கள். எலுமிச்சையில் புளிப்பு தருவது சிட்ரிக் அமிலம். அதன் உப்புதான் சிட்ரேட். இன்றும் ரத்த தானம் செய்யும் பையில் சிட்ரேட் கலந்த நீர் இருக்கிறது. 350 மில்லி ரத்தம் பிடிக்கும் பையில் 49 மில்லி நீர் முன்பே ஊற்றி வைத்திருப்பார்கள்.

ரத்தத்தை உறையாமல் வைக்கும் இப்படிப்பட்ட பொருள்தான் உறைவுத் தடுப்பான். லேபில் முக்கியமாக நான்கு உண்டு. இ.டி.டி.ஏ., சிட்ரேட், ஆக்சலேட், ஹெப்பாரின். முதல் மூன்றும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைப்பவை. ஹெப்பாரின் வேறு வகை. அது பிராணிகளின் உடம்பிலேயே உண்டாகிறது. 1916-இல் மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலை ஆராயும்போது இந்த வகைப் பொருளைக் கண்டார். ரத்தத்தில் உறைவை அடக்கும் ஒரு புரதம் இயற்கையாகவே இருக்கிறது. ஹெப்பாரின் அதற்கு வேகம் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சத்தை அது தொடுவதில்லை.

முன்காலத்தில் பல லேப்களில் பெனிசிலின் குப்பிகளைக் கழுவி, ஆக்சலேட் தூள் போட்டு, அதில் ரத்தம் பிடித்தார்கள். தூள் கூடக் குறைய இருக்கும். இப்போது அளவாக மருந்து போட்ட குழாய்கள் தயாராக வருகின்றன. மூடியின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன மருந்து என்று ஊழியர் அறிகிறார். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் சற்று மாறுவதுண்டு. அதனால் குழாயில் ஒட்டிய சீட்டையும் படிக்க வேண்டும்.

ஊதா மூடி: இல்லாத குறையைக் காட்டும் ரிப்போர்ட்

ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. இருக்கிறது. சோப்பிலும் ஷாம்புவிலும் கூட இதைச் சேர்ப்பதுண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போவதற்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு காரணம். அதைப் பிடித்துவைக்கத்தான் சேர்க்கிறார்கள். ரத்தத்திலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இ.டி.டி.ஏ. அணுக்களின் உருவத்தைக் கெடுக்காது. அதனால் அணுக்களை எண்ணுவதற்கு இதுவே ஏற்றது. ரத்தச் சோகை இருக்கிறதா, வெள்ளை அணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்று பார்க்க ஊதா மூடிதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்ப்பதற்கும் இதுதான்.

டெங்கு காய்ச்சல் வந்தால் எல்லாரும் கேட்பது தட்டணு எண்ணிக்கை. சாதாரணமாக ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும். அது 30,000 என்று வந்தால் வீடே கலங்கிப்போகும்.

ஆனால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. சுமார் ஆயிரத்தில் ஒருவர் ரத்தத்தில், இ.டி.டி.ஏ. பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணும் இயந்திரம் பத்துத் தட்டணு சேர்ந்த கட்டியைத் தட்டணுவாகவே எண்ணுவதில்லை. அதனால் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோகிறது. அந்த ஆளின் உடம்பில் குறை ஏதும் இல்லை. குறை குழாய்க்குள் நடக்கிறது. இது தெரியாமல் தட்டணு ஏற்றினால் வீண் செலவு. அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனால் வீண் தாமதம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டிகள் தெரியும். பிறகு நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து மறுபடி எண்ணுவார்கள். அந்தக் குழாயில் சிட்ரேட் நீர் இருப்பதால் ரத்தம் கொஞ்சம் நீர்த்திருக்கும். அதற்காக வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்குவார்கள். தட்டணு குறைவு என்று ரிப்போர்ட் வந்தும் உடம்பில் ரத்தக் கசிவோ சிவப்புப் புள்ளியோ இல்லையென்றால், "கண்ணாடித் துண்டில் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். இருந்தாலும் டெங்குவில் தட்டணு உண்மையாகவே குறைவதுதான் அதிகம். ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நாமே முடிவுசெய்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ஊதா மூடியால் வரும் இன்னொரு தவறு இதைவிடப் பொல்லாதது. ஒரு லேபில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை. ஊதா மூடியில் நிறைய இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர், இதிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றிவிடுகிறார். பார்க்க எல்லாம் ஒரே ரத்தம்தான்.

ஊதா மூடியில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. ஊற்றிய ரத்தத்தோடு பொட்டாசியமும் போகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது இயல்பு. இந்தக் குழாயில் அது 7, 8 என்று காட்டும். உண்மையாகவே அவ்வளவு இருந்தால் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. டாக்டர் அவசரமாக மருந்து கொடுப்பார். நன்றாக இருக்கும் ஆளுக்கு அந்த மருந்து கொடுத்தால், இருக்கும் பொட்டாசியமும் இறங்கிவிடும். அதுவும் இதயத்துக்குக் கேடுதான்.

அனுபவமுள்ள லேப் ஊழியர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் மிக அதிகமாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் ஒரே சமயத்தில் இருக்கும். கால்சியத்தை இ.டி.டி.ஏ. பிடித்துக்கொண்டதல்லவா? அதனால்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கலப்பு நடந்தது புரியும். இந்தக் கலப்பைத் தவிர்க்கவே குழாய்களை நிரப்ப ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். நீலம் முதலில். பிறகு சிவப்பு அல்லது மஞ்சள். பிறகு பச்சை. பிறகு ஊதா. கடைசியில் சாம்பல்.

சாம்பல் மூடி: குழாய்க்குள் கரையும் சர்க்கரை

ரத்தத்தை வெளியே எடுத்த பிறகும் அதன் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அவை தின்னும். வெளியே சும்மா வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். வெயில் அதிகமானால் இன்னும் வேகமாகக் குறையும்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று சந்தேகிப்பார்கள். மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். ஒருவருக்கு 130 இருக்கிறது. அவர் ஹேவ்லாக் தீவில் இருக்கிறார். இப்போது அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். அங்கே எடுத்த ரத்தம் கப்பலேறித் தலைநகருக்கு வருகிறது. கடலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மருந்தில்லாத குழாயில், ஐஸ் இல்லாமல் வந்தால், பரிசோதிக்கும்போது 115 இருக்கும். "உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் போவார். நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

சாம்பல் மூடிக் குழாயில் இரண்டு பொருள்கள் உண்டு. ஆக்சலேட் ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. ஃபுளோரைடு அணுக்களின் வாயைக் கட்டுகிறது. அதாவது, அணுக்கள் சர்க்கரையைத் தின்னவிடாமல் தடுக்கிறது. ஆனால் ஃபுளோரைடு முழுவதும் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். முதல் மணியில் கொஞ்சம் சர்க்கரை குறையத்தான் செய்யும். ஆகையால் சாம்பல் மூடியில் எடுத்தாலும் ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் அனுப்புவதே நல்லது.

சாம்பல் மூடி சர்க்கரைக்கு நல்லது. வேறு பல பரிசோதனைக்கு உதவாது. அதன் ஆக்சலேட்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. அணுக்களையும் அது சுருக்கிவிடும்.

நீல மூடி: அளவு தவறக் கூடாது

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். வார்ஃபாரின், அசிட்ரோம் ஆகியவை அந்த மாத்திரைகள். மாத்திரை கூடினால் ரத்தக் கசிவு. குறைந்தால் வால்வில் கட்டி. அதனால் அடிக்கடி ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை செய்கிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும்.

உறைகிற நேரத்தைப் பார்க்க, முதலில் உறையாமல் வைக்க வேண்டும். விந்தைதான். நீல மூடியில் சிட்ரேட் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தை லேசாகப் பிடித்துவைக்கும். லேபில் அளவாகக் கால்சியம் சேர்த்ததும் ரத்தம் மறுபடி உறையத் தொடங்கும். அந்த நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் இந்தக் கணக்கு சரிவராது. அதன் பிடி கெட்டியானது. உறைய வைக்கும் புரதங்களையும் அது பாதிக்கும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தாலும் உதவாது.

சிட்ரேட்டும் ரத்தமும் 1-க்கு 9 என்ற அளவில் இருக்க வேண்டும். 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம். குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதிதான் நிரப்பினார்கள் என்றால் சிட்ரேட் மிஞ்சிவிடும். லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் நீண்டதாகத் தெரியும். உண்மையில் 2.5 இருக்கும் ஐ.என்.ஆர். அதைவிட அதிகமாகக் காட்டும். மாத்திரையைக் குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் வால்வில் ரத்தம் கட்டலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். குழாயில் ஒரு விரற்கடை ரத்தம் குறைந்ததால் வரக்கூடிய வினை இது.

"எவ்வளவு ரத்தம் உறிஞ்சுறீங்க, போதும் விடுங்க" என்று சிலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். நான்கு குழாய்க்கும் சேர்த்து எடுப்பது இரண்டு, மூன்று தேக்கரண்டிதான். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது.

எலிக்காய்ச்சலும் குழாயும்

1980-களின் கடைசியில் வடக்கு அந்தமானின் திக்லிபூர் பக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மழைக்காலம் முடியும் சமயத்தில் வரும். இருமினால் ரத்தம் வரும். சிலர் இறந்தார்கள். என்ன நோய் என்று தெரியவில்லை. அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் திக்லிபூரில் மறுபடி பரவியபோது ஆய்வாளர்கள் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இந்தக் கிருமி இருக்கும். வயலில் வேலை செய்பவரின் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே போகும்.

உண்மையில் இது அந்தமானுக்குப் புதிய நோய் அல்ல. தண்டனைக் கைதிகள் இங்கே இருந்த காலத்திலேயே, டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவர்கள் இந்நோய் இங்கே இருப்பதைக் கண்டார்கள். 1931-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்கள். இடையில் மறந்துபோயிற்று.

இந்த ஒரு நோய்க்கே மூன்று விதமாக ரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் இருக்கும். கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்க ஹெப்பாரின் கலந்த ரத்தம் ஏற்றது. கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பரிசோதனை இன்னொன்று. கொரோனா காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர்.தான் அது. அதற்கு ஹெப்பாரின் ஆகாது. பெருக்கும் வேலையையே அது தடுத்துவிடும். கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அதற்கு ஊதா மூடிதான் வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருக்கும். அதைச் சோதிக்க மருந்தில்லாத சிவப்பு மூடி. அதில் ரத்தம் உறையட்டும் என்று விட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுப்பார்கள்.

ஆகவே காய்ச்சல் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சரியாகச் சொல்வது முக்கியம். அதைப் பார்த்துத்தான் டாக்டர் பரிசோதனையை முடிவு செய்வார். பரிசோதனையைப் பார்த்துத்தான் ஊழியர் குழாயை எடுப்பார். மூன்று நாள் என்பதைப் பத்து நாள் என்று சொன்னால் எல்லாமே மாறிவிடும். வயலில், சேற்றில், சாக்கடையில் இறங்கி வேலை செய்தவர் அதையும் சொல்ல வேண்டும்.

ரத்தம் கொடுக்கும்போது

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஊசி குத்தும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். குத்திய இடத்தை அவர் அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கையில் பட்டை கட்டியபின் விரல்களை மூடி மூடித் திறக்க வேண்டாம். பொட்டாசியம் கூடிவிடும். குழாயில் ரத்தம் விழுந்ததும் ஊழியர் அதை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைப்பார். மருந்து கலப்பதற்காகச் செய்வது அது. வேகமாகக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் சிவப்பு அணுக்கள் உடையும். அப்போதும் பொட்டாசியம் கூடும்.

குழாய்களை வீட்டாரிடமே கொடுத்து, "அந்த லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் மூடியைத் திறக்கக் கூடாது. சட்டைப் பையில் வைக்கக் கூடாது. ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் வைக்கக் கூடாது. வழியில் கடைக்குப் போகாமல் நேராகக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஐஸ் நல்லதல்ல. பொட்டாசியம் பார்க்க எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசியும்.

சில சமயம் மறுநாள் லேபிலிருந்து கூப்பிடுவார்கள். "ஊதா மூடியில் ரத்தம் உறைந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும்" என்பார்கள். அதைக் கேட்டதும் கோபம் வரும். ஒருநாள் கூலி போகிறதே என்று தோன்றும். உறைந்த ரத்தத்தில் தட்டணுக்கள் கட்டிக்குள் போய்விட்டன. அதை இயந்திரத்தில் வைத்தாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அதை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடவும் முடியும். எழுதிக் கொடுக்காமல் கூப்பிடுகிற லேப்தான் நல்ல லேப். மறுபடி எடுப்பதற்குப் பணம் கேட்டால் தர வேண்டியதில்லை, தவறு ரத்தம் கொடுத்தவருடையது அல்ல என்று சொல்லலாம்.